அஹோத் என்றால் சகோதரி

எபிரேய மொழியில் செவிலியரை "அஹோத்" என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சகோதரி என்றும் பொருள் உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளில் "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறோமே, ஏறக்குறைய அதுபோலத்தான். 2014 முதல் 2024 வரை இஸ்ரேலின் ஹைஃபா நகரில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்த நான், அந்த ஒரு சொல்லை யூத நோயாளிகள் அரபுச் செவிலியரை நோக்கியும், அரபு நோயாளிகள் யூதச் செவிலியரை நோக்கியும் ஒரு நாளில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். வார்டுக்குள் அது உண்மையான சொல்லாகவே இருந்தது. வார்டின் கதவுக்கு வெளியே அதற்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை அறிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். ஊரில் நர்சிங் படித்திருந்தாலும், ஹைஃபாவில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு வயோதிகத் தாயுடன் அவர் வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வாக்கருடன் நடத்திப் பார்த்துக்கொள்வதாகும். அவரைச் "சவ்தா" என்றே அழைத்தேன். எபிரேயத்தில் அது பாட்டி. அன்று ருமேனியாவில் இருந்த செர்னோவிட்ஸ் நகரில் பிறந்தவர். 1941-இல் சிறுமியாக இருந்தபோது யூதர் என்பதற்காகப் பெற்றோருடன் திரான்ஸ்னிஸ்திரியாவுக்கு, போர்க்காலத்தில் ருமேனியா பிடித்து வைத்திருந்த உக்ரைன் பகுதிக்கு, விரட்டப்பட்டவர். தந்தை அங்கிருந்து திரும்பவில்லை. 80 வயதைத் தாண்டிய பிறகும் அவர் கட்டிலருகே ஒரு ஜோடிக் காலணி எப்போதும் வாசலைப் பார்த்தபடி இருக்கும். அதை நான் ஒருமுறை சுவரோரம் நகர்த்தி வைத்துவிட, நள்ளிரவில் எழுந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் படுத்தார். அவருடைய பயம் பொய்யான பயம் அன்று. பின்னால் எழுதப்போவதைப் படிக்கிறவர்கள் இந்தக் காலணிகளையும் மறக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாரத்தில் ஆறு நாள் கார்மேல் மலையின் மேலே ஒரு யூத வீட்டில் இருந்த நான், விடுமுறை நாளில் மலையிறங்கிக் கீழே கோயிலுக்குப் போவேன். கார்மேல் மாதாவின் உத்தரியத்தை என் கழுத்தில் அம்மா போட்டுவிட்டபோது, அந்தக் கார்மேல் ஒரு நிஜ மலை என்றும், அதன் அடிவாரத்தில் பூசை அரபு மொழியில் நடக்கும் என்றும் எனக்குத் தெரியாது. ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் மாதா சொரூபத்தை மலையேற்றிக் கொண்டுபோகும் பவனியில் அரபுக் குடும்பங்களோடு நானும் நடந்திருக்கிறேன். இப்படி இரண்டு பக்கத்திலும் சோறு தின்றவளாக இருந்ததால், இரு தரப்பும் என்னிடம் கேட்ட கேள்விகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மேலே இருந்தவர்கள், "கீழே தனியாகப் போக உனக்குப் பயமில்லையா?" என்றார்கள். கீழே இருந்தவர்கள், "உன்னை அவர்கள் நன்றாக நடத்துகிறார்களா?" என்றார்கள். ஒரே நகரத்தில், இருபது நிமிட பஸ் பயணத் தூரத்தில் வாழ்கிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு வெளிநாட்டுக்காரியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹைஃபா தன்னைச் சேர்ந்து வாழும் நகரம் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொள்கிறது. அந்தப் பெருமையில் உண்மையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் பஸ் ஓடும் ஊர் அது. டிசம்பரில் வாதி நிஸ்னாஸ் பகுதியின் குறுகிய தெருக்களில் மூன்று மதங்களின் பண்டிகைகளையும் சேர்த்துக் கொண்டாடும் விழாவுக்கு மலைமேலிருந்து யூதக் குடும்பங்கள் திரளாக இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே வாதி நிஸ்னாஸுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1948 ஏப்ரலில் நகரத்து அரபு மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வெளியேறிய பிறகு, எஞ்சிய சில ஆயிரம் பேரைப் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் குடியமர்த்தினார்கள். நாட்டின் அரபுக் குடிமக்களில் பெரும்பாலோர் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். இன்று இஸ்ரேலின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அரபுக் குடிமக்கள். வாக்குரிமை உண்டு, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் உண்டு, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி உண்டு. இவை அத்தனையும் இருந்தும் ஒரு வாடகை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது அவர்கள் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள்.

சவ்தாவுக்குச் சர்க்கரை நோயும் இதயக் கோளாறும் இருந்ததால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. உடனிருந்து பார்த்த எனக்கு, அந்த நாட்டின் மருத்துவத் துறை அரபுக் குடிமக்கள் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்பது விரைவிலேயே விளங்கியது. மருத்துவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அரபுக் குடிமகன். மருந்தாளுநர்களிலோ பாதிக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தாம். பல வேலைகளுக்கு ராணுவத்தில் பணியாற்றிய அனுபவமும் அங்கே கிடைத்த பழக்கவழக்கங்களும் வாசல் திறக்கின்றன. அரபுக் குடிமக்களில் பெரும்பாலோர் ராணுவத்தில் சேர்வதில்லை என்பதால் அந்த வாசல்கள் அவர்களுக்குக் குறுகிவிடுகின்றன. மருத்துவத்துக்குப் பட்டமும் உரிமத் தேர்வும் போதும். உள்நாட்டில் இடம் கிடைக்காதவர்கள் ஜோர்டானுக்கும் இத்தாலிக்கும் ருமேனியாவுக்கும் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள்.

அப்படி ருமேனியாவில் படித்துத் திரும்பிய ஓர் இளம் அரபு மருத்துவர் ஒருநாள் சவ்தாவின் படுக்கை அட்டையைப் பார்த்துவிட்டு, அவரிடம் ருமேனிய மொழியில் நலம் விசாரித்தார். இரண்டு நாளாகச் சாப்பிட மறுத்துக்கொண்டிருந்த சவ்தா எழுந்து உட்கார்ந்தார். மாணவர் விடுதியில் கிடைத்த மக்காச்சோளக் களியைப் பற்றி அவர் சொல்ல, தன் தாய் செய்த களியைப் பற்றி இவர் சொல்ல, அன்று மதியச் சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார். அதன் பிறகு பார்க்க வந்த எல்லோரிடமும் "என் ருமேனிய டாக்டர்" என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அரபு மருத்துவர் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது இனிமையாகவே பட்டது. ஒருவரை நேசிப்பதற்காக அவர் யார் என்பதை மறந்துவிட வேண்டியிருக்கிறது என்ற வருத்தம் பிறகுதான் வந்தது.

அதே வார்டில் ஓர் அரபுச் செவிலியர் இருந்தார். வடக்கு இஸ்ரேலில் உள்ள கலிலேயாவின் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர், இரண்டு குழந்தைகளின் தாய். சவ்தாவின் கையில் நரம்பு கிடைப்பது மிகவும் கடினம். மற்றவர்கள் மூன்று நான்கு இடங்களில் குத்திப் பார்ப்பார்கள். இவரோ கையை வெந்நீர்த் துண்டால் சுற்றி, இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவார். 2017-இல் ஒரு நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவர் இவருடைய சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, "நீ என்னைத் தொடாதே, வேறு ஆளை அனுப்பு" என்றார். பொறுப்பிலிருந்த மூத்த செவிலியர், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதப் பெண்மணி, "இங்கே இருப்பது செவிலியர் மட்டும்தான்" என்று உறுதியாகச் சொன்னார். நான் மனதுக்குள் அவரைப் பாராட்டினேன். ஆனால் மறுநாள் பணி அட்டவணையில் அந்தக் கட்டில் வேறொருவருக்கு மாற்றப்பட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தகராறு வேண்டாமே என்பதுதான் காரணம். நான் அரபுச் செவிலியரின் முகத்தைப் பார்த்தபோது, "ஹக்கோல் பெசேதர்", எல்லாம் சரிதான், என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அங்கே நான் கண்ட பாரபட்சம் பெரும்பாலும் இந்த வகைப்பட்டதாகவே இருந்தது. கத்துகிறவரை எல்லோரும் கண்டிப்பார்கள். பிறகு அவர் கேட்டதைச் சத்தமில்லாமல் செய்து கொடுத்துவிடுவார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, பிரசவ வார்டுகளில் யூதத் தாய்மாரையும் அரபுத் தாய்மாரையும் தனித்தனி அறைகளில் வைக்கிறார்கள் என்ற செய்தி வெளியாகிப் பெரும் விவாதமானது. பிரிப்பது சரியே என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் பகிரங்கமாகச் சொன்னபோது பலர் கொதித்தார்கள். அப்படி ஒரு கொள்கையே இல்லை என்றன மருத்துவமனைகள். கொள்கை இல்லாமலிருக்கலாம். பணி அட்டவணை மாறிய விதத்தை நேரில் பார்த்த எனக்கு, கொள்கை என்று ஒன்று எழுதி வைக்கத் தேவையே இல்லை என்று தோன்றியது.

அந்தச் செவிலியர் மாலை நேரங்களில் வீடு வீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டுப்போடும் பகுதிநேர வேலையும் செய்துவந்தார். 2019-இல் சவ்தாவின் குதிகாலில் வந்த சர்க்கரைப் புண் ஆறாமல் இழுத்தபோது, வாரம் மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். சவ்தா அவருக்காகவே காபி போடச் சொல்வார், கொட்டை வைத்துச் சுருட்டிய ருமேனிய ரொட்டியை நறுக்கி வைக்கச் சொல்வார். "அவள் கை தங்கம்" என்பார். ஒரு நாள் அவர் படியேறி வரும்போது, மேல்மாடி வீடு வாடகைக்கு என்று கீழ் வாசலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்திருக்கிறார். ஊரிலிருந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்துகொண்டிருந்தவர் அவர். கட்டுப்போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றியபடி, "இந்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு உடனே விளங்கியது. சென்னையில் வேலை பார்த்த நாள்களில் வீடு தேடி அலைந்தபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்டதும் கதவைச் சாத்தியவர்களை நான் அறிவேன்.

அவர் தொலைபேசியில் பேசினார். எபிரேயம் அவருக்குத் தடையில்லாமல் வரும். வீட்டுக்காரர் மாலையில் வந்து பார்க்கச் சொன்னார். பெயரைக் கேட்டார். பெயரைச் சொன்னதும், மனைவியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றிரவு வீட்டுக்காரர் சவ்தாவைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் கட்டடத்தில் நெடுங்காலமாக இருப்பவர் என்பதால் சவ்தாவின் வார்த்தைக்கு அங்கே மரியாதை உண்டு. போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். சவ்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவள் நல்ல பெண், மிகவும் நல்ல பெண். ஆனால் அண்ணன் தம்பிகள் வருவார்கள், மாமன் மச்சான்கள் வருவார்கள். ராத்திரியில் படியேறி வருவது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இரண்டு நாளில் அந்த வீடு வேறொரு இளம் தம்பதிக்குப் போனது. "ஏற்கெனவே பேசி முடித்துவிட்டோம்" என்று செவிலியருக்குப் பதில் வந்தது.

அடுத்த முறை அவர் வந்தபோது கட்டுப்போட்ட கையில் எந்த வித்தியாசமும் இல்லை. பழைய கட்டை உப்புநீரில் நனைத்து, தோல் உரியாமல், வலிக்காமல் எடுத்தார். சவ்தா காபி போடச் சொன்னார். நான் போட்டுக் கொடுத்தேன். நடந்தது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் விசாவும் சம்பளமும் அந்த வீட்டைச் சார்ந்திருந்தன என்பது காரணம்தான். அது போதுமான காரணமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

இதைப் போன்ற ஒரு வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆதெல் கஅதான் என்ற அரபுக் குடிமகன், அவரும் ஒரு செவிலியர், 1995-இல் கட்சீர் என்ற குடியிருப்பில் வீடு கட்ட மனை கேட்டார். யூதர்களுக்கு மட்டுமே என்று மறுத்துவிட்டார்கள். அரசு நிலத்தை ஒதுக்குவதில் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் 2011-இல் ஒரு சட்டம், சிறிய குடியிருப்புகளின் சேர்க்கைக் குழுக்கள் "சமூக, பண்பாட்டு இசைவு" இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரிக்க இடம் தந்தது. 2023-இல் அதை இன்னும் பெரிய குடியிருப்புகளுக்கும் விரிவாக்கினார்கள். எங்கள் கட்டடத்தில் சேர்க்கைக் குழு எதுவும் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு அந்த வேலையைச் செய்து முடித்தது.

ஹமாஸ் தாக்குதல் நடந்த 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு வார்டில் பேச்சே குறைந்துபோனது. யூதச் செவிலியர்களில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே அழுதவர்களைப் பார்த்தேன். அன்று கொல்லப்பட்டவர்களில் அரபுக் குடிமக்களும் இருந்தார்கள். இசை விழாவில் காயம்பட்டவர்களை விட்டுவிட்டு ஓட மறுத்து உயிர்விட்ட 23 வயது அரபு மருத்துவ உதவியாளரின் செய்தியை நாங்கள் எல்லோரும் படித்தோம். இருந்தும், காஸாவில் இறந்துகொண்டிருக்கும் குழந்தைகளுக்காக வருந்தும் ஒரு சொல்லை அரபு ஊழியர்கள் வார்டில் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. முகநூல் பதிவுகளுக்காக ஊழியர்களை விசாரிக்கிறார்கள், பணியிடை நீக்கம் செய்கிறார்கள் என்ற செய்திகள் வந்துகொண்டிருந்தன. சேர்ந்து வேலை செய்வதற்கு மௌனம் தேவைப்பட்டது. அதை அதிகமாகக் கடைப்பிடிக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்தாம்.

2024 செப்டம்பர் இறுதியில் வடக்கே லெபனானிலிருந்து ராக்கெட்டுகள் நெருங்கியபோது, நோயாளிகளை நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். தூண்களில் வண்டி நிறுத்தும் எண்கள் அப்படியே இருக்க, மஞ்சள் கோடுகளுக்கு இடையே கட்டில்கள் வரிசையாக நின்றன. சவ்தா அங்கேயும் அந்தச் செவிலியரின் பொறுப்பில்தான் இருந்தார். ஒரு மாலை கலிலேயாவில் சைரன் ஒலிப்பதாக எல்லோருடைய கைப்பேசிகளும் அலறின. அவர் ஊரில் பொதுப் பாதுகாப்பு அறை கிடையாது என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அரபு ஊர்கள் பலவற்றில் அதுதான் நிலை.

அப்போது நானும் என் அம்மாவுடன் தமிழில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் இல்லம்மா, பூமிக்கு அடியிலதான் இருக்கேன்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் தன் கைப்பேசியை எடுத்தார், கட்டில் வரிசையை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னிடம் வந்து எபிரேயத்தில், "ஐந்து நிமிடம் இவரைப் பார்த்துக்கொள்வாயா, நான் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்" என்றார். இரும்புக் கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. அவர் தன் தாயுடன் பேசி முடித்துத் திரும்பும்வரை, சவ்தாவின் டிரிப்ஸ் சொட்டுகளை நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.