முடக்குவாத மாத்திரையும் பிள்ளைப்பேறும்

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமோ, பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸோ உள்ள பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அதுவரை எடுத்துவந்த மாத்திரைகள் அத்தனையையும் அன்றே நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாத்திரையா?" என்று பெரியவர்கள் கேட்பதில் அக்கறை இருக்கிறதே தவிர, மருத்துவம் இல்லை. முடக்குவாதத்தோடு ஒரு பெண் குழந்தையைப் பெற்றவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்ற பேச்சு கரு தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்தாக வேண்டும்.

கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் தணிவதை 1938இலேயே அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் பதிவு செய்தார் என்றாலும், அந்தத் தணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. லூபஸ் இன்னும் கடுமையானது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகே கருத்தரிக்கலாம் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பம் முழுவதும் தொடரச் சொல்வதும் அதனால்தான். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்களுக்கு நோய் மீண்டும் சீறும் அபாயம் கூடுகிறது. கட்டுக்கடங்காத நோயோ குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவிடுகிறது. சல்பாசலசின், அசாதியோபிரின், குறைந்த அளவு பிரெட்னிசோலோன் ஆகியவையும் தொடரக்கூடியவையே.

உண்மையில் அஞ்ச வேண்டிய பட்டியல் சிறியது. அதில் முதலிடம், வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் இம்மருந்து வளரும் கருவைச் சிதைக்கக்கூடியது என்பதால், ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே அதை நிறுத்திவிட்டு, ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடாமல் தொடரச் சொல்வார்கள். மைகோபீனோலேட்டை ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். லெஃப்ளுனோமைட் மாத்திரையை நிறுத்தினால் மட்டும் போதாது. குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே சுற்றிச் சுற்றி வந்து, சிலர் உடலில் இரண்டு ஆண்டுகள்கூடத் தங்கிவிடும். கொலஸ்டிரமின் தூளை 8 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 11 நாள் கரைத்துக் குடித்து அதை வெளியேற்ற வேண்டும். எதிர்பாராமல் கரு தரித்துவிட்டால் இந்த மருந்துகளை உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆனால் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட் எடுத்திருந்த ஒன்றுக்காகவே கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

கணவர் நோயாளி என்றால் கணக்கு வேறு. சைக்ளோபாஸ்பமைட் விந்தணு உற்பத்தியையே நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். சல்பாசலசினால் குறையும் எண்ணிக்கை, நிறுத்தினால் மீண்டுவிடும். தந்தையாக விரும்பும் ஆண்கள் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தத் தேவையில்லை என்பதே 2020இன் அமெரிக்க வழிகாட்டுதலும் 2022இன் பிரிட்டன் வழிகாட்டுதலும் சொல்வது.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய சிக்கல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசிகளில் இருக்கிறது. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை கர்ப்பத்தின் பின்பகுதியில் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் இரத்தத்தில் சேரும். அப்படித் தாண்ட உதவும் Fc என்ற பகுதி இல்லாத அமைப்பைக் கொண்ட செர்டோலிசுமாப் மிகக் குறைவாகவே தாண்டும். இங்கே குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. கர்ப்பத்தில் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த தாயின் குழந்தை ஒன்று பி.சி.ஜி.க்குப் பின் உடலெங்கும் பரவிய தொற்றால் இறந்தது 2010இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஏழாம் மாதத்துக்குப் பிறகும் நான் அடாலிமுமாப் எடுத்திருந்ததால், பி.சி.ஜி.யை ஆறு மாதம் தள்ளிப்போடும்படி ருமட்டாலஜி (மூட்டுநோய்) மருத்துவர் எழுதித் தந்த தாளைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருந்தேன். ஊசித் தட்டோடு வந்த செவிலியர் அதைப் படித்துவிட்டு, குழந்தைநல மருத்துவரை அழைத்துவந்தார். ஆறாம் வாரத்து ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் இதே கேள்வி எழும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. இருபதாம் வாரத்துக்குப் பின் அவை பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில், சிசுவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாயை முன்கூட்டியே மூடிவிடலாம். பிரசவத்துக்குப் பின் மூட்டு வலி பலருக்குத் திரும்பும், எனக்கும் திரும்பியது. தாய்ப்பால் கொடுக்கும்வரை மெத்தோட்ரெக்சேட்டைத் தொடக் கூடாது என்பதால், சல்பாசலசினையும் சிறிதளவு பிரெட்னிசோலோனையும் கொண்டே மருத்துவர் சமாளித்தார்.