குடவோலையில் அக்காவின் பெயர்: கடைமடை நாவல் எதுவரை வந்திருக்கிறது

தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை ஊர் (காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்) ஒன்றை வைத்து நான் எழுதிவரும் இளையோர் நாவல் பாதியைத் தாண்டிவிட்டது. வருங்காலத்தில் நடக்கும் கதை. மேட்டூர்த் தண்ணீர் முழுக்க ஓர் ஆட்சிக்குழுவின் கையில். அணையில் வண்டல் அள்ள ஊருக்கு ஓர் ஆளைக் கொடுத்தால்தான் வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவார்கள். போனவர் திரும்புவதில்லை. யார் போவது? குடவோலைதான் முடிவு செய்யும்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள அதே முறை: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்வது. ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடத்தை இதற்குப் பயன்படுத்த மனசு கேட்கவில்லைதான். ஆனால் கொடுங்கோல் ஆட்சி ஜனங்கள் நம்பும் சடங்கில்தானே முதலில் கை வைக்கும்? குடம் கதையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி கதிர் பெயர் வந்ததும் அக்கா செல்வி "நான் போறேன்" என்று முன்னால் வருவதாக முதலில் எழுதிப் பார்த்தேன். படித்தால் தொண்டை அடைக்கும், ஆனால் அது 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) நாவலின் காட்சி: சாவு விளையாட்டுக்கான குலுக்கலில் தங்கை பெயர் வர, அவளுக்குப் பதிலாக அக்கா காட்னிஸ் முன்வருவாள். அந்த நாவலை எடுத்துத் திரும்பப் படித்தபோது வேறொன்று பிடித்துக்கொண்டது. தானியத்துக்கும் எண்ணெய்க்கும் ஈடாக காட்னிஸ் பன்னிரண்டு வயதிலிருந்தே தன் பெயரைக் குலுக்கலில் கூடுதலாகச் சேர்க்கிறாள். பதினாறு வயதில் அவள் பெயரில் 20 சீட்டுகள், தங்கை பெயரில் ஒன்றே ஒன்று. ஊர் பார்க்க அவள் முன்னால் வந்தது ஒரு நாள்தான். தன்னைக் கொடுக்க ஆரம்பித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கணக்கை நம் சம்பாவுக்குக் கொண்டுவந்தேன். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். தாமதமாக நட்ட கடைமடைப் பயிர் அப்போதுதான் பால் பிடிக்கும். அதற்கு முன், கதிர் இன்னும் தாளுக்குள் இருக்கும் தொண்டைக் கதிர்ப் பருவத்தில் காய்ந்தாலும் பதர்தான். கதையில் அந்த நாட்களில் கூடுதல் ஓலை போட்டால் கூடுதல் முறை கிடைக்கும். செல்வியின் நோட்டில் இப்படி வருகிறது: "மார்கழி 20. தெற்கு வயல். தொண்டைக் கதிர். ஓலை 2." குடத்தில் வருவது அவள் பெயரேதான். ஊர் அதை விதி என்கிறது. அவள் போன பிறகு நோட்டு கதிர் கையில் கிடைக்கிறது.

இங்கேதான் அக்கா மகள் மடக்கினாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். "சித்தி, அவனை யாராவது கேட்டாங்களா? இனி அவன் சாப்பிடுற ஒவ்வொரு வாய்க்கும் கணக்குல்ல இருக்கு?" கேள்வி என்னை விடவே இல்லை. ஹங்கர் கேம்ஸின் மூன்றாம் புத்தகத்தில் (2010), காப்பாற்றப்பட்ட அந்தத் தங்கையே இறந்துபோகிறாள். உயிரைக் கொடுத்தாலும் எதிராளி அதை மதித்து நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் கதிரை நன்றியோடு அழவிடவில்லை. நோட்டைப் படித்துக் கோபப்படுகிறான், அறுப்புக்கு வர மாட்டேன் என்கிறான், பிறகு குடத்துக்கு யார் காவல் என்று விசாரிக்க ஆரம்பிக்கிறான். இந்த அத்தியாயம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கிறது.

அப்புறம் செல்வியின் அம்மா. கூடுதல் ஓலை விஷயம் அவளுக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்றால் எழுதுவது சுலபம். ஆனால் முறை வராத வாரத்திலும் வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த ஒரு விவசாயிக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? தெரியும் என்று வைத்தே அடுத்த அத்தியாயத்தை எழுதப்போகிறேன்.