ஒரே கண்ட்ரோலரில் இரண்டு மோட்டார்: இறுதியாண்டுத் திட்டப்பணி அனுபவம்

பினாங்கில் மின்பொறியியல் டிப்ளோமா படித்தபோது, லெபோ பாசாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்குச் சாமான் ஏற்ற உதவும் மூன்று சக்கர மின்வண்டி ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்தோம். பின்சக்கரங்களுக்குத் தனித்தனி மோட்டார். செலவு கருதி, பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் ஒன்றுதான். இதே தலைப்பை எடுப்பவர்கள், எந்த வகை மோட்டார் என்று தீர்மானிக்கும் முன் திட்ட முன்மொழிவைக் கொடுத்துவிட வேண்டாம். அப்படிக் கொடுத்ததால் எங்களுக்கு ஐந்து வாரங்கள் வீணாயின.

முதலில் நாங்கள் வாங்கியவை, பழைய மின்சைக்கிள்களிலிருந்து கழற்றப்பட்ட சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளான பிரஷ் இல்லாத, சக்கரத்தின் நடுவிலேயே அமைந்த ஹப் மோட்டார்கள். இரண்டின் மூன்று கம்பிகளையும் சேர்த்து ஒரே கண்ட்ரோலரில் கொடுத்ததும், சக்கரங்கள் தரையைத் தொடாத நிலையிலேயே வெட்டி வெட்டி இழுத்தன. இவ்வகை மோட்டாரில் ரோட்டர் (சுழலும் பாகம்) நிற்கும் இடத்தைக் காந்தப்புலத்தை உணரும் மூன்று ஹால் சென்சார்கள் அறிவிக்க, கண்ட்ரோலர் 60 மின்பாகைக்கு (ஒரு காந்தத் துருவ இணையைக் கடப்பது 360 மின்பாகை) ஒருமுறை மின்னோட்டத்தின் பாதையை மாற்றுகிறது. ஒரு மோட்டாரின் சென்சாரைப் பார்த்து மாற்றப்படும் மின்னோட்டம் மற்றதற்கும் பொருந்த வேண்டுமானால் இரு ரோட்டர்களும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து சுழல வேண்டும். வளைவில் திரும்பும் வண்டியில் அது நடவாது. இவ்வகையே வேண்டும் என்பவர்கள் கண்ட்ரோலரும் இரண்டு வாங்கி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரே திராட்டிலின் சிக்னலை இரண்டுக்கும் கொடுக்கலாம். திராட்டிலுக்கான 5 வோல்ட்டை மட்டும் ஒன்றிலிருந்தே எடுக்க வேண்டும்.

பிறகு 24 வோல்ட், 250 வாட் பிரஷ் மோட்டார்களுக்கு மாறி, அவற்றைப் பக்க இணைப்பில், 30 ஆம்பியர் கண்ட்ரோலருடன் சேர்த்தோம். இழப்பையும் கணக்கிட்டால் ஒரு மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 13 ஆம்பியர் எடுக்கும் என்பதால் இது போதுமானதாக இருந்தது. நேர்ச்சாலையில் இரண்டும் தலா சுமார் 8 ஆம்பியர் எடுத்தன. திரும்பும்போதோ, உட்புற மோட்டார் வேகம் குறைந்து அதன் எதிர் மின்னியக்கு விசையும் (சுழலும் மோட்டார் தானே உண்டாக்கி, வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும் வோல்ட்டேஜ்) குறைவதால் 12 ஆம்பியர் வரை இழுத்தது. வெளிப்புறத்தில் 4 தான். வண்டி திரும்ப மறுப்பதுபோல் கைப்பிடி கனத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் எடுத்த இந்த அளவுகளே வாய்மொழித் தேர்வில் எங்களைக் காப்பாற்றின. அழகாக வரைந்த சுற்றுப்படத்தை யாரும் அதிகம் பார்க்கவில்லை.

தொடர் இணைப்பு ஏன் கூடாது என்பது தேர்வாளரின் முதல் கேள்வி. அதில் ஒரே மின்னோட்டம் பாய்வதால் இரு சக்கரங்களுக்கும் உந்துவிசை சமமாகக் கிடைக்கும், திருப்பமும் இலகுவாகும். ஆனால் 24 வோல்ட் பேட்டரியில் ஆளுக்குப் 12 வோல்ட்தான் கிடைக்கும், மழையில் ஒரு சக்கரம் வழுக்கினால் அதுவே வோல்ட்டேஜை வாரிக்கொள்ள, மற்றதும் வலுவிழக்கும். பழைய மின்சார டிராம்கள் தொடரில் கிளம்பி, வேகம் பிடித்ததும் பக்க இணைப்புக்கு மாறியதையும் சொன்னேன். ஜார்ஜ் டவுனிலும் ஒரு காலத்தில் மின்டிராம் ஓடியதாலோ என்னவோ, அவர் முகம் மலர்ந்தது.

அடுத்த கேள்வியில் திணறினேன். ஒரு சக்கரம் கல்லில் சிக்கி நின்றுவிட்டால்? கண்ட்ரோலர் பார்ப்பது மொத்த மின்னோட்டத்தை மட்டுமே. 30 ஆம்பியரில் பெரும்பகுதி அந்த ஒரு மோட்டாரிலேயே பாய்ந்து அதன் சுருளைக் கருக்கிவிடலாம். ஒவ்வொரு மோட்டாரின் கம்பியிலும் 20 ஆம்பியர் ஃபியூஸ் தனியாக இருந்திருக்க வேண்டும். வண்டியை மாமாவிடம் ஒப்படைப்பதற்கு முதல் நாள் இரவில்தான் அவற்றைப் பொருத்தினோம்.