மார்கழி விலையை நம்பி மல்லி வைப்பவர்கள்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது என்று மார்கழி, தை மாதங்களில் செய்தி வந்தால் போதும்; அரை ஏக்கராவது வைக்கலாமா என்று உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விசாரிக்க வந்துவிடுவார்கள். அந்த மயக்கத்தை நடவுக்கு முன்பே தெளிய வைப்பதுதான் ஆலோசனை சொல்பவரின் முதல் வேலை.

விலை ஏறக் காரணமே செடியில் பூ இல்லாததுதான். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறோம். பனிக்காலத்தில் துளிர்ப்பும் மந்தம். பூ கொட்டுவது பங்குனி, சித்திரையில்; அப்போது எல்லார் தோட்டத்திலும் கொட்டும், விலையும் சில நூறுக்கு இறங்கிவிடும். வரவு செலவுக் கணக்கை அந்தச் சித்திரை விலையில் போட்டுப் பாருங்கள். அதில் கட்டுப்படியானால்தான் மல்லி உங்களுக்கு.

அடுத்தது பறிப்பு. பலரும் மருந்துச் செலவைக் கேட்பார்கள், இதைக் கேட்கவே மாட்டார்கள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 மொட்டு. அன்று மாலை விரியப்போகும், நன்கு வெளுத்துப் பருத்த மொட்டாகப் பார்த்து, வெயில் ஏறுமுன் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். பச்சை தட்டிய மொட்டைப் பறித்தால் எடையும் நிற்காது, சரியாக விரியவும் செய்யாது. ஆள் வராவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் முடியாது. மாலையில் செடியிலேயே மலர்ந்துவிடும். பறிக்க வீட்டில் எத்தனை பேர், வெளியாள் எத்தனை பேர் என்று முடிவு செய்யாமல் பதியனுக்கு, அதாவது வேர்விட்ட நடவுக் கன்றுக்கு, முன்பணம் கொடுக்கவே கூடாது.

மொட்டு ஊதா நிறமாகிக் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அது மொட்டு ஈ. ஓட்டை விழுந்து நூலாம்படை தெரிந்தால் மொட்டுப்புழு. ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாவதால் இலைக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. உதிர்ந்த மொட்டைப் பொறுக்கி அழித்து, செடியடி மண்ணைக் கொத்திவிட வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் ஆசை குறையாதவர் 10 சென்டில் தொடங்கலாம். செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளியில் சுமார் 260 செடி பிடிக்கும். பதியன் ராமேஸ்வரம் பக்கமுள்ள தங்கச்சிமடத்திலிருந்து வாங்கலாம். குழிக்கு 10 கிலோ தொழுவுரம். ஆறு மாதத்தில் பூ தலைகாட்டும், வருமானம் இரண்டாம் ஆண்டிலிருந்துதான். ஒரு சித்திரையைப் பறித்து விற்றுப் பார்த்துவிட்டு, பிறகு பரப்பைக் கூட்டுங்கள்.