சீந்தில் தண்டும் ஓர் அடர் ரோஜா நிறமும்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் வருஷம் முழுக்க சீந்தில் தண்டோடுதான் போயிற்று. தேடியது அதிலுள்ள அரபினோகேலக்டன் என்கிற பாலிசாக்கரைடை, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலியை. உலர்த்தி அரைத்த பொடியை 80 சதவீத எத்தனாலில் காய்ச்சிக் கசப்பையும் நிறத்தையும் எடுத்துவிட்டு, சக்கையை 90 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம் வைப்பேன். வடித்துச் சுண்டவைத்து நான்கு பங்கு எத்தனால் ஊற்றினால், திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரளும். முதல் தடவை பார்த்தபோது வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒரு துளி அயோடின் விட்டேன். கருநீலம்! கையில் இருந்ததில் பெரும்பகுதி மாவுச்சத்து. சித்த வைத்தியர்கள் தண்டை இடித்து, நீரில் கரைத்து, தெளியவைத்து எடுக்கிற சீந்தில் சர்க்கரையும் ஏறத்தாழ இதுதான். அவர்களுக்கு இத்தனை எத்தனால் செலவில்லை.

சூடு தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் போட்டு மாவுச்சத்தை உடைத்தேன். அடுத்து, குளோரோஃபாமும் பியூட்டனாலும் 4:1 கலந்து குலுக்கிப் புரதம் நீக்குவது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் வெண்படலம் வராமல் போகிறவரை திரும்பத் திரும்பக் குலுக்க வேண்டும்; எனக்கு எட்டுத் தடவை ஆயிற்று. பிறகு சவ்வுப் பையில் இட்டுச் சிறு மூலக்கூறுகளை நீரில் வெளியேற்றும் டயாலிசிஸ், குரோமட்டோகிராஃபி குழாயில் பிரித்தல், உறைய வைத்து உலர்த்தல். சர்க்கரையை அளக்கும் ஃபீனால்–கந்தக அமிலச் சோதனையில் டிஷ்யூ பேப்பர் நார் ஒன்று விழுந்தால்கூட சர்க்கரை கூடுதலாகக் காட்டும். அதற்கே ஒரு வாரம் போனது.

கிடைத்ததை எலியின் மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்புச் செல்களில் 24 மணி நேரம் வைத்து, நைட்ரிக் ஆக்சைடு உண்டாகியிருந்தால் ரோஜா நிறம் காட்டும் கிரீஸ் (Griess) கரைசல் ஊற்றினேன். தட்டு அடர் ரோஜாவாக மாறியது. நைட்ரிக் ஆக்சைடு கொட்டுகிறது, செல்கள் விழித்துக்கொண்டன என்று கைடிடம் ஓடினேன். அவர் தட்டைத் தொடவே இல்லை.

"பாலிமிக்சின் பி போட்டுப் பாத்தியாம்மா?"

போட்டேன். ரோஜா நிறம் அனேகமாகக் காணாமல் போனது. பாலிமிக்சின் எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கிவிடும் மருந்து; ஆகவே செல்களை எழுப்பியது சீந்தில் இல்லை, பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் அந்த நச்சுப்பொருளான எண்டோடாக்சின். இரண்டு நாள் டயாலிசிஸை அறை வெப்பத்தில், கேனில் கிடந்த வாலை நீரில் செய்திருந்தேன். ஆட்டோகிளேவ் செய்தோமே என்ற தெம்பு வேறு. அது பாக்டீரியாவைக் கொல்லும், அதன் எண்டோடாக்சினை அழிக்காது.

மறுபடி முதலிலிருந்து. கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டேன். பைரோஜன் (எண்டோடாக்சின் மாதிரி காய்ச்சல் உண்டாக்கும் பொருள்) இல்லாத நீர், குளிர் அறையில் டயாலிசிஸ், கடைசியில் எண்டோடாக்சின் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, குதிரைலாட நண்டின் ரத்தச் சாற்றால் செய்யும் எல்.ஏ.எல். சோதனை. இந்த முறை வெளிர் ரோஜாதான் வந்தது. பாலிமிக்சின் போட்டும் அது குறையவில்லை.

ஆய்வேட்டில் இருப்பது அந்த வெளிர் ரோஜா. முதல் தட்டின் படம் இன்னும் என் கைபேசியில் கிடக்கிறது. பார்க்க என்னவோ அதுதான் அழகு.