நார்வே கொடி, 110 × 80 செ.மீ.: வெட்டியதும் தைத்ததும்

சிவப்பு, வெள்ளை, நீலம், வெள்ளை, சிவப்பு என்ற வரிசையில் நீளவாக்கில் 6:1:2:1:12, உயரவாக்கில் 6:1:2:1:6. நார்வே கொடியின் மொத்தக் கணக்கும் இதுதான். ஒரு பங்கை 5 செ.மீ. என்று வைத்தால் கொடி 110 × 80 வரும். எல்லாம் முழு எண்ணாக விழுவதால் முதல் கொடிக்கு இந்த அளவே தோது. கம்பத்தை ஒட்டிய சிவப்பு இரண்டும் 30 × 30 சதுரம், வெளிப்பக்கத்துச் சிவப்பு இரண்டும் 60 × 30, வெள்ளைப் பட்டை 5, நீலம் 10.

முதல் முறை: முழுச் சிவப்புத் துணிமேல் வெள்ளைப் பட்டை, அதன்மேல் நீலம். 1821-ல் பெர்கன் வணிகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஃப்ரெட்ரிக் மெல்ட்சர், டென்மார்க் கொடியின் வெள்ளைச் சிலுவைக்குள் நீலச் சிலுவையை வைத்தே இந்தக் கொடியை வரைந்தார். அதனால் இப்படி அடுக்கத்தான் கை போகும். ஆனால் நடுவில் மூன்றடுக்குத் துணி விறைத்துக்கொண்டது. இளங்காற்றில் கொடி விரியவில்லை. பின்பக்கம் வெறும் சிவப்பு. கைவிட வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை: துண்டு துண்டாக வெட்டி இணைத்தல். இணைப்புத் தையலுக்கு ஒரு பக்கம் 1.5 செ.மீ., ஓரம் மடிக்க 3 செ.மீ., கம்பப் பக்கம் நாடாவுக்குள் போக 1.5. அதன்படி:

சிவப்பு: 33 × 34.5 இரண்டு, 64.5 × 34.5 இரண்டு.
வெள்ளை, அகலம் 8: நீளம் 33 இரண்டு, 64.5 இரண்டு, 39.5 நான்கு.
நீலம், அகலம் 13: நீளம் 38, 69.5, 86 ஒவ்வொன்று.

பட்டைகளைத் துணியின் கரைக்கு இணையாகவே வெட்ட வேண்டும். சாய்ந்துவிட்டால் தைக்கும்போதே இழுபட்டு அலை அலையாகிவிடும். பருத்தி என்றால் சிவப்பைத் தனியாக அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே வெள்ளையோடு சேர்க்கலாம். நூல் பாலியெஸ்டராக இருக்க வேண்டும்; பருத்தி நூல் வெயிலில் இற்றுப்போகும்.

ஒவ்வொரு சிவப்புக்கும் முதலில் படுக்கை வெள்ளை, பிறகு நிற்கும் வெள்ளை. இப்படி நான்கு மூலைகள். மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் இடையில் சிலுவையின் நீலக் கை. கடைசியில் 86 செ.மீ. நீலம் நடுவில். சறுக்கும் இடம் இதுதான். மேலிருந்து தைத்துக்கொண்டே வந்தால் இடக்கையும் வலக்கையும் ஒரே கோட்டில் நிற்காது, 3 மி.மீ. விலகினாலும் தூரத்திலிருந்தே தெரியும். கைகளின் நான்கு முனைகளிலும் குண்டூசி குத்திவிட்டு, நடுவிலிருந்து மேலே ஒருமுறை, நடுவிலிருந்து கீழே ஒருமுறை தைத்தால் சரியாக உட்காரும்.

இணைப்பு ஜீன்ஸ் கால் ஓரத்தில் இருக்குமே, அந்த மடக்குத் தையல். சிவப்பு, நீலத்தின் விளிம்பை 7 மி.மீ.க்கு வெட்டி, வெள்ளையின் விளிம்பால் அதைச் சுற்றி, அடர்நிறப் பக்கம் படிய வைத்துத் தைக்க வேண்டும். மாற்றி மடித்தால் சிவப்பு விளிம்பு வெள்ளைக்குள் நிழலாடும். இதற்கு ஒரு விலை உண்டு: பின்பக்கத்தில் வெள்ளை சுமார் 6.5 ஆகவும் நீலம் 8.5 ஆகவும் தெரியும். இரு பக்கமும் சமமாகக் குறைவதால் கண்ணை உறுத்துவதில்லை.

கம்பத்தை ஒட்டிய மேல்மூலை தைக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 1844-ல் அந்த இடத்தில் ஸ்வீடனோடு சேர்ந்த ஒன்றியச் சின்னம் ஏறியது. நிறக்கலவையைப் பார்த்து மக்கள் அதை ‘ஹெர்ரிங் மீன் சாலட்’ என்றார்கள். அதை நீக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் மூன்று முறை நிறைவேற்றியது. மூன்றாம் முறை, 1898-ல், அரசரின் ஒப்புதல் இல்லாமலே அது சட்டமானது. இன்று தைக்கும் வெறும் சிவப்புச் சதுரம் அப்படிக் கிடைத்தது. வெளிமுனை பிளந்து நாக்குபோல் நீளும் வடிவம் அரசுக்குரியது, வீட்டுக்கு நேர்முனைதான்.

ஏற்றும் நேரம் மார்ச் முதல் அக்டோபர் வரை காலை 8, மற்ற மாதங்களில் 9. சூரியன் மறையும்போது இறக்க வேண்டும். கோடையில் மறையத் தாமதமானாலும் இரவு 9-ஐத் தாண்டக் கூடாது.

முதலில் நைவது வெளிமுனை. அங்கே ஓரத்தை இரண்டாக மடித்து நான்கு வரிசை தையல் போடுவது நல்லது. பிரிந்தால் வெட்டி மீண்டும் மடிக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் 3 செ.மீ. போய்விடும், 60 என்ற அளவு கெடும். வெளிப்பக்கத்துச் சிவப்பு இரண்டையும், நடுவில் இருக்கும் வெள்ளை, நீலக் கைகளையும் பிரித்துப் புதிதாக வைப்பதுதான் சரி.