மருந்துமாகி நின்றவன் சந்நிதியில்

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது நாடி ஜோதிட போர்டுகள்தான். அவற்றைத் தாண்டி உள்ளே நுழைந்து சித்தாமிர்தத் தீர்த்தத்தின் படியில் உட்கார்ந்தோம். அம்மா வெல்லக்கட்டியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். அவளுக்குக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. நேர்ந்துகொண்டதைச் செலுத்த வந்திருந்தோம்.

வரும் வழியில் மச்சான் ஒன்று கேட்டார். "சாமிய நீ பார்த்ததில்ல, கிருமியையும் நீ பார்த்ததில்ல. ரெண்டையும் யாரோ சொல்லித்தானே நம்புற? அப்போ ரெண்டும் ஒண்ணுதானே மாப்ள?" அவர் பக்திமான்; கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி கோபுர வாசல் வரைக்கும் என்னை விடவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ராபர்ட் காக் 1882-ல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாகப் படித்திருக்கிறேன். நுண்ணோக்கி வழியாக நான் பார்த்ததில்லை. முதல் நாள் மாத்திரை போட்டதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போக, அம்மா பயந்துவிட்டாள். "அப்படித்தாம்மா போகும், பயப்படாதீங்க" என்று நர்ஸ் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சொன்னபடியே நடந்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனாலும் அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதை நானா சோதித்தேன்? இன்னொருவர் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம். தாம்பரம் சானடோரியம் என்ற பெயர் இன்றும் ரயில் நிலையத்தில் இருக்கிறது. காசநோய் வந்தால் வீட்டை விட்டுப் பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும் உள்ள அப்படியோர் இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அன்றைய மருத்துவர்களின் உறுதியான எண்ணம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை நெரிசலான அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருவருக்கும் அதே மருந்து, ஓர் ஆண்டு. வீட்டில் இருந்தவர்களின் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கூட இருந்த சொந்தக்காரர்களுக்கு நோய் அதிகம் தொற்றுகிறதா என்று ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. நோயாளிகள் குணமானது பற்றிய முடிவு 1959-லேயே வெளியானது. எங்கள் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள் என்றால் அதற்கு அந்த முகம் தெரியாத 193 பேரும் காரணம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அன்று அர்ச்சனை செய்தேன்.

சந்நிதியில் கூட்டம். செவ்வாய்க்கிழமை என்பதால் அங்காரகனைப் பார்க்க வந்தவர்கள் வெளிப்பிராகாரம் வரைக்கும் நின்றார்கள். மேற்கு பார்த்த மூலவருக்கு தீபாராதனை காட்டியபோது அம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு தையல்நாயகி. தைலம் ஏந்தி ஐயனுக்குத் துணையாக வந்தவள். அவள் முன்னால் நின்றபோது மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது.

மாத்திரை கேட்காமல் போயிருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமியா என்று பார்த்து மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார். மாற்றத்தான் வேண்டும். தவறு என்று தெரிந்தால் கைவிடப்படும் என்பதால்தான் அந்த மாத்திரையை நான் நம்புகிறேன். தாயே, உன்னிடம் அப்படி ஒரு கணக்கும் எனக்கு இல்லை. அம்மாவுக்குக் குணமாகாமல் போயிருந்தாலும் இதே வாசலில்தான் வந்து விழுந்திருப்பேன். உன்னைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வராது. மருந்தைச் சோதிக்காமல் அம்மா வாயில் போடவும் மனம் வராது. மச்சான் ஒன்று என்றார். இரண்டும் எனக்கு வேண்டும், ஆனால் ஒன்றல்ல.

இரண்டுக்கும் சண்டையும் இல்லை. "மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான்" என்று அப்பர் புள்ளிருக்குவேளூர் என்ற பழைய பெயர் கொண்ட இந்த ஊரில்தான் பாடினார். மருந்தை அவர் இறைவனுக்கு வெளியே நிறுத்தவில்லை.

கோயிலில் மருந்துப் பிரசாதமாகத் தரும் திருச்சாந்துருண்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, குளக்கரையில் ஒரு பெண் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். அவள் புருஷனுக்கும் இதே நோய். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்றுவிட்டதாம். "சாமி கண்ணத் திறந்துட்டாரு, இனி மாத்திர எதுக்குன்னு நிறுத்திட்டாருக்கா. இந்த உருண்டை போதும்ங்கறாரு."

அம்மா விருட்டென்று எழுந்துவிட்டாள். "எங்க இருக்கான் உன் வீட்டுக்காரன்? கூப்பிடு. பாதியில விட்டா கிருமி மருந்துக்கே மசியாது, தெரியுமா? உருண்டையையும் போடச் சொல்லு, மாத்திரையையும் போடச் சொல்லு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அந்த ஆள் வரும் வரைக்கும் அம்மா காரில் ஏறவில்லை.